திருப்பி அனுப்பிய ஒரு வெள்ளி

2024
பிப்ரவரி 6 – 60 வெள்ளி
பிப்ரவரி 13 – 60
பிப்ரவரி 20 – 60
பிப்ரவரி 27 – 60
மார்ச் 5 – 60
மார்ச் 12 – 61
மார்ச் 12 – 1 (திருப்பியது)
மார்ச் 19 – இல்லை
மார்ச் 26 – இல்லை
ஏப்ரல் 2 – இல்லை

துளசியின் வரவுக் கணக்கில் தயாளன் என்ற பெயருக்கு நேரே இருந்தது இவ்வளவுதான். வருமான வரிக்காரர் பார்த்தால் இதில் ஒரு குறையும் காணமாட்டார். கட்டணம் அறுபது வெள்ளி; பினாங்கில் ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்வார்கள். ஒருமுறை ஒரு வெள்ளி கூடுதலாக வந்தது, அன்றே திருப்பிக் கொடுத்தாயிற்று. பிறகு ஆள் வரவில்லை. கணக்கு நேர். ஆனால் அந்த ஒரு வெள்ளியைத் திருப்பியதால்தான் ஆள் வரவில்லை என்பது துளசிக்குத் தெரிய மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று.

துளசிக்கு அப்போது வயது நாற்பத்தேழு. மருத்துவச் சமூகப் பணியாளர். ஒரு அரசு மருத்துவமனையில் பதினேழு ஆண்டுகள் இருந்தாள். கட்டில் காலியாக வேண்டும், ஆனால் அழைத்துப் போக ஆள் வராத கிழவர்கள். பில்லைப் பார்த்து மயங்கி விழுந்த மனைவிமார். பிள்ளைகளின் தொலைபேசி எண்ணை மறந்துபோன தாய்மார். இவர்களோடுதான் அவள் பொழுது போயிற்று. 2022இல் அந்த வேலையை விட்டுவிட்டு, இணையத்தில் மனநல ஆலோசனை செய்யத் தொடங்கினாள். பினாங்கில் சூலியா தெருவில், மீரா சாகிப் என்பவரின் பணமாற்றுக் கடைக்கு மேலே ஓர் அறையை வாடகைக்கு எடுத்தாள். ஒரு மேசை, ஒரு கணினி, பின்னால் வெறும் சுவர். கெலுகோரில் அவளுக்கு அடுக்குமாடி வீடு இருந்தது. அங்கேயே உட்கார்ந்து செய்யக்கூடிய வேலைதான். ஆனால் தனியாக இருக்கும் வீட்டிலேயே வேலையும் என்றால், பேச்சு முடிந்து கணினியை மூடியதும் எழுந்து போக இடம் இருக்காது. அதனால் தினமும் பேருந்து ஏறி, யாரும் வராத அந்த அறைக்கு வந்துகொண்டிருந்தாள்.

மீரா சாகிப்புக்கு இது வேடிக்கை. "என்னக்கா கடை இது? கஸ்டமர் ஒருத்தரும் படி ஏறல. எங்க கடையில கூட்டத்துக்கு நிக்க இடம் இல்ல. பேசாம போர்டை மாத்திப் போட்டுருவோமா?"

"போடுங்க பாய். உங்க ஆளுங்க மேல வந்து அழட்டும், என் ஆளுங்க கீழ வந்து ரேட்டு கேக்கட்டும்."

அவர் அவளைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் அவள் அவரை 'பாய்' என்றுதான் அழைப்பாள். சாப்பாட்டுக் கடைப் பையன்களை 'பாஸ்' என்பாள். பினாங்கில் இந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டே ஒரு மனுஷி காலம் தள்ளிவிடலாம். அவள் ஏன் யாரையும் 'தம்பி' என்று அழைப்பதில்லை என்று ஒருவரும் கேட்டதில்லை. ஒருவர் சொல்லாத சொல்லை யார் கவனிக்கிறார்கள்?

அவளுடைய வேலைமுறை எளிமையானது, அதே அளவுக்குக் கடினமானது. வருகிறவருக்குப் புத்தி சொல்லக்கூடாது. இதைச் செய், அதை விடு என்று வழி காட்டக்கூடாது. அவர் சொல்வதைக் கேட்டு, அவர் சொற்களையே அவருக்குத் திருப்பிச் சொல்லி, அவரே தம் வழியைக் கண்டுகொள்ளும்வரை கூட இருக்க வேண்டும். அவளுடைய இணையப் பக்கத்தில் தமிழில் ஒரு வரி உண்டு: 'உங்களுக்கு என்ன தேவை என்பது உங்களுக்குத்தான் தெரியும்.' படித்தவர்கள் யாரும் அந்த வரியை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டதில்லை. தயாளன் எடுத்துக்கொண்டார்.

தயாளனுக்கு அறுபத்தெட்டு வயது. தீவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் ஓடிய பழைய ஃபெர்ரியில் கரையில் கயிறு கட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து எட்டு ஆண்டுகள். பட்டர்வொர்த் பக்கம் தனியாக இருந்தார். ஜொகூர் பாருவில் இருந்த மகள்தான் துளசியைத் தேடிப் பிடித்துத் தொடர்புகொண்டாள். அப்பா காலையில் ஒன்றும் சாப்பிடுவதில்லை, உடம்பு பாதியாகிவிட்டது, மருத்துவர் பார்த்து ஒரு நோயும் இல்லை என்கிறார் என்றாள். ஒரு கைக்கணினியை வாங்கி அனுப்பி, எதை அமுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்து, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவரை உட்கார வைத்தாள்.

அவர் அந்தக் கருவியை மேசைமேல் மல்லாத்தி வைத்துவிட்டார். அதனால் துளசிக்குத் தெரிந்ததெல்லாம் அவர் வீட்டு மின்விசிறிதான். மூன்று இறக்கைகளில் ஒன்றில் மட்டும் தூசி இல்லை. இரண்டாம் வாரம் அவள் அதைக் கேட்டாள்.

"ஒன்னு துடைச்சேன் மிஸ். அப்புறம் யார் வந்து பாக்கப் போறான்னு நாற்காலிய விட்டு இறங்கிட்டேன்."

எல்லோரையும் கேட்பதுபோல அவரையும் அவள் பேச்சின் தொடக்கத்தில் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்பாள். அந்த நாட்டுத் தமிழர்களிடையே அது வணக்கம் மாதிரி. பதிலை யாரும் எதிர்பார்ப்பதில்லை. அவரும் "ம்" என்பார். மூன்றாம் வாரம் "ம்" வரவில்லை.

"நீங்க கேக்கறது வேற, மிஸ். எங்க பெரியக்கா கேக்கறது வேற."

அவருக்கு நான்கு அக்காமார், ஓர் அண்ணன். இவர்தான் கடைக்குட்டி. ஒவ்வொருவராகப் போய், சுங்கைப் பட்டாணியில் இருந்த பெரியக்கா வள்ளியம்மா மட்டும் மிஞ்சியிருந்தார். தினமும் காலை எட்டு மணிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, "தம்பி, பசியாறிட்டியா?" என்று கேட்பார். இல்லை என்றால் திட்டு விழும். போன தீபாவளிக்கு முந்திய வாரம் அந்த அம்மாளும் போய்விட்டார்.

"மக அப்பாங்குது. பேரப்புள்ள தாத்தாங்குது. பக்கத்து வீட்டுப் புள்ளைங்க அங்கிள் பசியாறிட்டீங்களான்னு நல்லாத்தான் கேக்குதுங்க. ஆனா அங்கிளுக்குப் பசிக்க மாட்டேங்குதுலா. தம்பிக்குத்தான் பசிக்கும்போல. தம்பின்னு கூப்பிட இந்த மண்ணுல ஒரு ஆள் இல்ல இப்ப."

"தம்பின்னு கூப்பிட ஆள் இல்லாமப் போச்சுன்னு உங்களுக்கு இருக்கு," என்றாள் துளசி, முறைப்படி.

"அதத்தானே நான் சொன்னேன்! எங்க வீட்ல ஒரு கிளி இருந்துச்சு மிஸ். அது நம்ம சொன்னதத் திருப்பிச் சொல்றதுக்குக் கொய்யாப்பழம்தான் கேட்டுச்சு. அறுவது வெள்ளி கேக்கல."

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கேட்டார்: "எனக்கு என்ன தேவைன்னு எனக்குத்தான் தெரியும்னு எழுதியிருக்கீங்களாம், மக படிச்சுக் காமிச்சுச்சு. எனக்குத் தெரிஞ்சிருச்சு. நீங்க ஒரு தடவ கூப்பிடுங்க. தம்பி, பசியாறிட்டியான்னு. போதும்."

தன்னைவிட இருபத்தொரு வயது மூத்தவரைத் தம்பி என்றும், 'பசியாறிட்டியா' என்று ஒருமையிலும் கேட்பதா? எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கும் நாக்கு எழும்பாது. துளசி அன்று பேச்சை வேறு பக்கம் திருப்பினாள். அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் அப்படியே. அவர் வற்புறுத்தவில்லை. ஒவ்வொரு செவ்வாயும் முடியும்போது ஒரு கணம் காத்திருப்பார். விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு "சரிங்க மிஸ்" என்று அணைத்துவிடுவார்.

துளசியின் வேலையை மேற்பார்வை பார்ப்பவர் ரோஹானா. மீரா சாகிப்பின் மூத்த அக்கா. அதே மருத்துவமனையில் துளசிக்கு முன்பு இருந்து ஓய்வு பெற்றவர். மார்ச் 8ஆம் தேதி இருவரும் சூலியா தெருவில் ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆளின் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு, துளசி நடந்ததைச் சொன்னாள்.

"இதுக்கா ரெண்டு வாரமா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?" என்றார் ரோஹானா. "நான் ஒரு நாளைக்கு நூறு தடவ தம்பி தம்பிங்கிறேன். வெலை ஒன்னும் இல்லையே அதுக்கு."

"அவரு என்னைவிட மூத்தவருக்கா."

"பெத்த மகனையே அப்பான்னு கொஞ்சற ஆளுங்க நம்ம. வயசா இப்ப தடை?"

துளசி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். கடைசியில் சொன்னாள்: "லோகேஸுக்கு அப்புறம் நான் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லக்கா."

லோகேஸ்வரன் அவள் உடன்பிறந்த ஒரே தம்பி. கிள்ளானில் இருந்தான். 2021 ஆகஸ்டில் கொரோனாவில் போனான். அதே வாரம் அவளுக்கும் அந்த நோய் கண்டு, கெலுகோர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். அவன் காரியத்தைக் கைத்தொலைபேசியில்தான் பார்த்தாள். படம் நடுவில் இரண்டு முறை நின்றுபோயிற்று. மீண்டும் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. திரையைப் பார்த்து "தம்பி" என்று ஒருமுறை கூப்பிட்டாள். ஒலி அணைந்திருந்தது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

ரோஹானா கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "அப்ப தடை அவர்கிட்ட இல்ல, உன்கிட்ட," என்றார். "சொல்லுன்னும் சொல்லமாட்டேன், சொல்லாதன்னும் சொல்லமாட்டேன். ஆனா சொல்லலைன்னா, ஏன் சொல்லலைன்னு அவருக்குப் பொய்க் காரணம் குடுக்காத."

மார்ச் 12, செவ்வாய், பத்து மணி. விசிறி தெரிந்தது. துளசி ஒலி அணைந்திருக்கிறதா என்று பார்த்தாள். அணையவில்லை. வழக்கமான வணக்கம் இல்லாமல், கேட்டாள்:

"தம்பி, பசியாறிட்டியா?"

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு படம் ஆடியது. கருவியை யாரோ கையில் எடுத்தார்கள். முதல் முறையாக ஒரு முகம் தெரிந்தது: ஒடுங்கிய கன்னம், வெள்ளைக் குறுந்தாடி, பொத்தான் மாற்றிப் போட்ட சட்டை.

"இல்லக்கா," என்றார் தயாளன். "இனிமேதான்."

அன்று வேறு எதுவும் அவர்கள் பேசவில்லை என்றே சொல்லலாம். எழுந்து போய் அவர் ரொட்டியும் காப்பியும் கொண்டுவந்தார். அவர் சாப்பிடுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் முடிந்ததும் அவர் கையைத் துடைத்துக்கொண்டு அணைத்தார்.

அவர் போனபின் துளசி கணக்குப் பக்கம் திரும்பினாள். மனம் ஆடும்போது கணக்குப் பார்ப்பது அவள் பழக்கம். எண்கள் அவளை நிலைநிறுத்தும். வங்கிச் செயலியைத் திறந்தாள். தயாளனிடமிருந்து அப்போதுதான் 61 வெள்ளி வந்திருந்தது. விரல் தவறிவிட்டது, பாவம், வயதானவர் என்று நினைத்தாள். வருகிறவரிடம் கட்டணத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்பது அவள் விதி. ஒரு வெள்ளியைத் திருப்பி அனுப்பினாள். ஒரு செய்தியும் எழுதினாள்: 'வணக்கம் திரு தயாளன். கட்டணம் 60 வெள்ளி மட்டுமே. கூடுதலாக வந்த 1 வெள்ளியைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.'

அவர் படித்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. பதில் இல்லை.

மார்ச் 19 அவர் வரவில்லை. வராதவருக்கு ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்பலாம், அதற்குமேல் துரத்தக்கூடாது. வருவதும் வராததும் அவர் உரிமை. துளசி ஒன்று அனுப்பினாள். 26ஆம் தேதியும் அவர் வரவில்லை. அந்த நேரத்தை அவள் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. செவ்வாய் பத்து மணிக்கு இணைய அறையைத் திறந்து வைத்து உட்கார்ந்திருப்பாள். எதிராளி வராவிட்டால் அந்தத் திரையில் நம் முகமே பெரிதாகத் தெரியும். பின்னால் வெறும் சுவர். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்துவிட்டு மூடுவாள். ஏப்ரல் 2ஆம் தேதியும் அப்படியே.

அவளைக் கொன்றது ஒன்றுதான். அந்த மனிதர் காலையில் சாப்பிடுகிறாரா, மறுபடி நிறுத்திவிட்டாரா? மகளைக் கேட்கலாம். ஆனால் அவர் அனுமதி இல்லாமல் அவரைப் பற்றி மகளிடம் பேசுவதும் தப்பு.

ஏப்ரல் 6, சனிக்கிழமை. பழைய வேலையிடத்துத் தோழி ஒருத்தியின் மகளுக்கு மறுநாள் திருமணம். மொய் உறை வாங்க துளசி லிட்டில் இந்தியாவுக்குப் போனாள். கல்லாவில் இருந்த அம்மா, மஞ்சள் உறையோடு ஒரு புது ஒரு வெள்ளித் தாளையும் எடுத்து நீட்டினார்.

"இதுக்குச் சில்லறை குடுத்துருங்க. எல்லாரும் மறந்துட்டு ஓடியாராங்க, அதான் நானே எடுத்து வெச்சிருக்கேன்."

"ஏங்க, நூறாவே வெச்சாத்தான் என்ன?" என்றாள் துளசி, சும்மா பேச்சுக்கு.

"ஐயோ, ரெட்டையா வெச்சா கணக்கு தீந்துருச்சுன்னு அர்த்தம்லா! கடைக்குக் குடுக்கறது ரெட்டை. சொந்தத்துக்குக் குடுக்கறது ஒன்னு சேத்து. அந்த ஒன்னுதான் இன்னும் வரப்போக இருக்கோம்னு சொல்றது. படிச்ச புள்ளைங்களுக்கு இதெல்லாம் யாரு சொல்லித் தராங்க?"

துளசிக்குத் தெரியாதது இல்லை. அவள் அம்மா எத்தனை உறைகளில் ஒன்றைச் சேர்த்து ஒட்டியிருப்பாள்! ஆனால் அது மஞ்சள் உறையில் வரும், சந்தனம் மணக்கும் மண்டபத்தில் வரும். வங்கிச் செயலியில் வரும் என்று அவள் நினைக்கவில்லை. தொலைபேசியை எடுத்து எண்பலகையைப் பார்த்தாள். ஒன்று மேலே இடது மூலையில். சுழி கீழே. எவ்வளவு வயதான விரலும் சுழிக்குப் போக எண்ணி ஒன்றில் விழாது.

அக்கா என்று ஒப்புக்கொண்டு அவர் அனுப்பிய ஒன்று. 'திரு தயாளன்' என்று விளித்து அவள் அதைத் திருப்பியிருக்கிறாள்.

திங்கட்கிழமை ரோஹானாவிடம் சொன்னாள். ரோஹானா நோன்பு. படியில் உட்கார்ந்துகொண்டார். "நோன்பு வெச்சிருக்கறவள இப்படிச் சிரிக்க வெக்காத, தண்ணி குடிக்கணும்போல இருக்கு. ஒரு வெள்ளியத் திருப்பி அனுப்புனியா? எங்க தம்பி கடையிலகூட ஒரு வெள்ளிய மாத்தித் தரமாட்டானே!" பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "பரிசு வாங்காதன்னு சொல்லிக் குடுத்தது நான்தான். இது பரிசு இல்ல, துளசி. ஒரு செய்தி எழுது. தப்பு உன்னுதுன்னு எழுது. வான்னு கூப்பிடாத."

துளசி அன்று எழுதினாள். முதலில் 'திரு தயாளன்' என்று எழுதி அழித்தாள். 'தம்பி, அந்த ஒரு வெள்ளியை நான் திருப்பி அனுப்பியது தப்பு. அது என்ன என்று எனக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது.'

தொலைபேசியில் பதில் வரவில்லை. ஏப்ரல் 19ஆம் தேதி மீரா சாகிப் ஓர் உறையைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். "அக்கா, கடுதாசி! இந்தக் காலத்துல யாருக்கா கடுதாசி போடறது? உங்களுக்கு ஆள் யாராச்சும் மாட்டிக்கிச்சா?"

பள்ளிக்கூடத் தமிழில், கோடு போட்ட தாளில் இருந்தது: 'அக்காவுக்கு, தம்பி தயாளன் எழுதுவது. செய்தி பார்த்தேன். போனில் எழுத விரல் ஓடவில்லை. கோபம் இல்லை. ஒரு வெள்ளி திரும்பி வந்ததும், சரி, கூலிக்குக் கூப்பிட்டதுதானே என்று நினைத்தேன். வெட்கமாகப் போய்விட்டது, அதனால் வரவில்லை. அன்றைக்குப் பிறகு காலையில் சாப்பிடுகிறேன். ரொட்டி இரண்டு.'

துளசி அந்தக் கடைசி இரண்டு சொற்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் தாளில் எழுதினாள். கூலி வாங்கியது உண்மை, கூப்பிட்டதும் உண்மை, இரண்டும் ஒன்றல்ல என்று எழுதினாள். எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று எழுதினாள். தன்னைப் பற்றி வருகிறவரிடம் பேசக்கூடாது என்பது முறை. அதையும் மீறி, 'எனக்கும் ஒரு தம்பி இருந்தான்' என்ற ஒரு வரியை எழுதி, அடிக்காமல் விட்டாள்.

ஏப்ரல் போயிற்று, மே போயிற்று. செவ்வாய் பத்து மணியை அவள் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.

ஜூன் மாதத்தில் கடைசிக் கடிதம் வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை, ஆனால் கையெழுத்து தெரிந்தது. உள்ளே நான்காக மடித்த ஒரு வெள்ளித் தாள்.

'அக்காவுக்கு. மகள் வீட்டோடு போகிறேன். வீட்டுச் சாவியை ஒப்படைத்துவிட்டேன். விசிறியில் மூன்று இறக்கையும் துடைத்தாயிற்று. இனிமேல் கம்ப்யூட்டரில் வரமாட்டேன். காசு கொடுத்து அக்கா வைத்துக்கொள்ள வேண்டாம் என்று பார்க்கிறேன். இதில் ஒரு வெள்ளி இருக்கிறது. என் முகவரி எழுதவில்லை. எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவீர்கள். அக்கா, பசியாறியாச்சா?'

மகளிடம் கேட்டால் முகவரி கிடைக்கும். துளசி கேட்கவில்லை. அந்த ஒரு வெள்ளியைக் கணக்கிலும் எழுதவில்லை. அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை. மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கதவைப் பூட்டிவிட்டுக் கீழே இறங்கி, நான்கு கடை தள்ளி இருந்த ரொட்டிச் சானாய்க் கடையில் ஒரு மேசையில் உட்கார்ந்தாள். பரிமாறுகிறவன் துணியால் மேசையைத் துடைத்தபடி கேட்டான்.

"எத்தன பேருக்கா?"

"ஒரு ஆள்தான், தம்பி."

கணக்கில் ஏறாத அந்த ஒரு வெள்ளி வந்து சேர்ந்த நாள்: 2024 ஜூன் 13, வியாழக்கிழமை.